புதுப்பிப்பு: பாட்டியின் லயமும் என் வேலையும்

பாலிடெக்னிக் டிப்ளோமாவோடு வெப் டெவலப்பர் ஆகலாமா, மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பாட்டி வாழ்ந்த தோட்டத்து லயத்தை (தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) மைன்கிராஃப்ட் கேமில் கட்டுவதை நேர்முகத்தில் காட்டலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். காட்டினேன். ஈப்போவில் வேலை கிடைத்தது, சம்பளம் சுமார்தான்.

சரி, லயத்துக்கு வருவோம். கேமில் ஒரு பிளாக் (கட்டை) ஒரு மீட்டர் என்பதால் அளவு பிடிப்பது சுலபம். காலையில் தொழிலாளர்களைக் கூப்பிடும் பெரட்டு மணிக்கு, கேமில் மின்கம்பி மாதிரி வேலை செய்யும் ரெட்ஸ்டோன் இழுத்ததுதான் பாடு. சிக்னல் 15 பிளாக்கோடு செத்துவிடும், நடுவில் சிக்னலுக்கு மறுபடி பலம் கொடுக்கும் ரிப்பீட்டர் வைத்தால்தான் மணி அடிக்கும். (ஆபீஸில் எழுதும் புரோகிராமை விட இது நியாயமாக நடந்துகொள்கிறது.)

பாட்டி பார்த்துவிட்டு, "கோயில் எங்கய்யா?" என்றார். இப்போது மாரியம்மன் கோபுரம் எழும்புகிறது. டெரகோட்டா (சுட்ட களிமண்) பிளாக்கில் 16 சாயம் இருக்கிறது. சிலைகளுக்குத்தான் வழி தெரியவில்லை. கட்டியவர்கள் சொல்லுங்கள்.