வீட்டுக்கும் ஆலைக்கும் ஒரே மின்பகிர்வுப் பெட்டி போதுமா?

கோப்பாய்வாசி:
வணக்கம். எங்கள் வீட்டு விறாந்தையில் இன்னும் மரப்பலகையில் பீங்கான் பியூஸ்களே இருக்கின்றன. வளவின் பின்புறத்தில் மாவும் மிளகாயும் அரைக்கும் சிறிய ஆலையொன்று போடவிருப்பதால், மூன்று பேஸ் 30 அம்பியர் இணைப்புக்கு விண்ணப்பிக்க இருக்கிறோம். மோட்டர் 5 குதிரைவலு. மீற்றருக்கு அருகில் பிரதான பெட்டியும் ஆலைக்குள் உபபெட்டியும் வேண்டும் என்கிறார் வயரிங் செய்பவர். ஒரே பெட்டி போதும் என்கிறார் அப்பா. இரண்டுக்கும் வேலையில் என்ன வேறுபாடு? மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் இருக்கையில் ஏர்த் கம்பியைப் பற்றி வயரிங் செய்பவர் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்?

மின்வினைஞர்:
வயரிங் செய்பவர் சொல்வதே சரி. சுன்னாகம் உபமின்நிலையத்திலிருந்து 33 கிலோவோல்ற்றில் புறப்படும் மின்சாரம், ஒழுங்கை முகப்பு ட்ரான்ஸ்போமரில் 400 வோல்ற்றாகக் குறைந்து உங்கள் மீற்றருக்கு வருகிறது. அதற்குப் பின்னால் வருவதெல்லாம் உங்கள் பொறுப்பு. ஆலையில் ஏற்படும் பழுது ஆலையோடு நிற்கவேண்டும். வீட்டு விளக்குகளையும் சேர்த்து அணைக்கக்கூடாது. பெட்டிகளை அடுக்காக அமைப்பது இதற்காகத்தான். பிரதான பெட்டியிலிருந்து வீட்டுக்கு ஒரு வழியும் ஆலைக்கு ஒரு வழியும் பிரிய, உபபெட்டியில் மோட்டருக்கும் விளக்குக்கும் பிளக்கிற்கும் தனித்தனிச் சுற்றுடைப்பான்கள் (மின்னோட்டம் மிஞ்சினால் தானாகத் துண்டிக்கும் சுவிச்சுகள்) அமையும். அரைக்கும்போது ஏதாவது சிக்கினால், வீட்டுக்கு ஓடாமலே நிறுத்துவதற்குச் சுவிச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்பதும் சிறிய நன்மையல்ல.

உங்கள் மோட்டர் ஓடும்போது ஏறத்தாழ 8 அம்பியர் இழுக்கும். நேரடியாகத் தொடக்கினால் அந்தக் கணத்தில் ஆறேழு மடங்கு, அதாவது 48 முதல் 56 அம்பியர் வரை போகும். பி வகை 16 அம்பியர் சுற்றுடைப்பான் 48 அம்பியரிலேயே உடனடியாக விழக்கூடும், அதாவது மின்னைத் துண்டிக்கக்கூடும். சி வகையில் அந்த எல்லை 80 அம்பியரில்தான் தொடங்குகிறது என்பதால் மோட்டருக்கு அதுவே பொருத்தம். ஆனால் மோட்டர் மெல்ல மெல்லச் சூடேறிக் கருகுவதைத் தடுப்பது ஸ்டாட்டரில் (மோட்டரைத் தொடக்கும் சுவிச்சுப் பெட்டியில்) உள்ள ஓவர்லோட் ரிலே. அதைச் செலவு என்று தவிர்க்கவேண்டாம்.

ஏர்த் விடயத்துக்குச் சற்று அதிகம் எழுதுகிறேன், ஏனெனில் எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பலரும் கவனக்குறைவாக இருப்பது இதில்தான். எங்கள் வீடுகளில் ஏர்த் என்பது அவரவர் வளவு மண்ணில் இறக்கும் கம்பியே. இங்கு பல இடங்களில் மண் ஆழமில்லை. சில அடியிலேயே சுண்ணக்கல் தட்டுகிறது. கோடையில் மண் காய்ந்தால், கம்பியிலிருந்து மின் மண்ணுக்குள் பாய்வதற்கான தடை மேலும் கூடும். தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: மோட்டர் உடலில் மின் கசிந்தால் 230ஐ 50ஆல் வகுக்க 4.6 அம்பியர்தான் பாயும். 16 அம்பியர் சுற்றுடைப்பான் அதைப் பழுதாகவே உணராது. மோட்டரின் இரும்புடல் மட்டும் உயிருள்ள கம்பிபோல நிற்கும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் அதே கசிவில் உடனே விழும். ஆனால் ஏர்த் கம்பியே இல்லாவிட்டால் அந்தக் கசிவு பாய வழியில்லை. முதலில் தொடும் மனிதரே வழியாவார். ஆகவே இரண்டும் வேண்டும். உபபெட்டியில் 30 மில்லி அம்பியரும், பிரதான பெட்டியில் தாமதித்து விழும் எஸ் வகை 100 மில்லி அம்பியரும் போட்டால், ஆலையின் கசிவுக்கு வீடு இருளாது. ட்ரிப் சுவிச் மிகைச்சுமையைப் பார்ப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பருத்தித்துறை_வயரிங்:
பெட்டிகளைத் திறந்து பார்க்கும் தொழிலில் நான் அதிகம் காண்பது நியூற்றல் கட்டையின் (மின் திரும்பிச் செல்லும் நியூற்றல் வயர்களை ஒன்றாகப் பொருத்தும் உலோகக் கட்டையின்) தளர்ந்த திருகாணிகளையே. அந்த இடத்தில் காப்புறை பழுப்பேறி, விரலால் தொட்டால் உதிரும். மூன்று பேஸில் பிரதான நியூற்றல் விட்டுப்போனால் 230 வோல்ற்றில் ஓடவேண்டிய குளிர்சாதனப்பெட்டிக்கு 400 வோல்ற்றை நெருங்கும் அழுத்தம் ஏறிவிடக்கூடும். மின்விசிறி வழமையைவிட வேகமாகச் சுழன்றால், விளக்கு அளவுக்கு மீறி ஒளிர்ந்தால், உடனே மெயினை நிறுத்துங்கள். மீற்றர்ப் பக்கத்து முத்திரையிட்ட பாகத்தை மட்டும் நீங்கள் தொடக்கூடாது. அதை மின்சாரம் வழங்கும் நிறுவனத்தினரே திறக்கவேண்டும்.

அரைக்கும் இடமென்றால் மாத்தூசு எங்கும் படியும். ஆகவே ஐபி 65 தரப் பெட்டியாகப் பாருங்கள். 6 என்பது தூசு உட்புகாமை, 5 என்பது பீய்ச்சும் நீரைத் தாங்குதல். அந்தப் பெட்டியின் மேற்புறத்தில் துளையிட்டு வயரை இறக்கினால் தரம் அங்கேயே போய்விடும். கீழ்ப்பக்கமாக, கிளாண்ட் (வயரை இறுக்கிப் பிடித்துத் துளையை அடைக்கும் பொருத்தி) போட்டு ஏற்றச் சொல்லுங்கள்.

கோப்பாய்வாசி:
மிக்க நன்றி. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு பெட்டிக்கும் சம்மதித்துவிட்டார். பழைய மரப்பலகையை வீட்டுப்பக்கத்துக்கு மட்டும் வைத்திருக்கலாமா என்று கேட்கிறார்.

மின்வினைஞர்:
வேண்டாம். அதைக் கழற்றிவிட்டு வீட்டுக்கும் புதிய பெட்டியே போடுங்கள். வேலை முடிந்ததும் இரண்டு ட்ரிப் சுவிச்சுகளின் சோதனைப் பொத்தானையும் அழுத்தி விழுகின்றனவா என்று பாருங்கள். பொத்தான் ஏர்த்தைச் சோதிப்பதில்லை என்பதால், ஏர்த் தடையை அதற்குரிய அளவுகருவியால் அளந்து அந்த எண்ணைப் பெட்டிக் கதவின் உட்புறத்தில் எழுதித்தரும்படி கேளுங்கள். அளவை மாரியில் எடுத்திருந்தால் ஆடி, ஆவணியில் இன்னொரு முறை எடுக்கவேண்டும்.