சர்ச்சுக்கும் போறேன், திருப்பாவையும் சொல்றேன், இது சரிப்பட்டு வருமா?

முத்துநகர்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்கிறதோட சரி, இன்னிக்குத்தான் எழுதுறேன், நீளமா போனா மன்னிச்சுக்கோங்க. நான் ஆர்.சி., ஊர் தூத்துக்குடி, ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழான்னா எங்க வீட்ல யாரும் தூங்க மாட்டோம், அப்படிப்பட்ட குடும்பம். இப்ப சென்னைல வேலை. ரூம்மேட் கும்பகோணத்து ஐயங்கார் பொண்ணு, மார்கழி வந்தா விடிகாலைல எந்திரிச்சு திருப்பாவை சொல்லும், முதல் வருஷம் தலகாணிய காதுல வச்சு அமுக்கிட்டு படுத்தேன், ரெண்டாவது வருஷம் எனக்கே பாதி மனப்பாடம் ஆயிருச்சு.

அதுல ரெண்டாவது பாட்டுல நோன்புக்கு என்னென்ன செய்ய மாட்டோம்னு ஆண்டாள் வரிசையா சொல்றா இல்ல, நெய் இல்ல பால் இல்ல மை இல்ல பூ இல்ல, நடுவுல "தீக்குறளைச் சென்றோதோம்"னு ஒண்ணு. அர்த்தம் கேட்டேன், அடுத்தவங்களப் பத்தி கோள் சொல்லித் திரிய மாட்டோம்னு அர்த்தமாம். எங்க ஆபீஸ் டீ டைம்ல நடக்குறதே அது மட்டுந்தான்!! அன்னிக்கு ஆரம்பிச்சது. கோள் விட்டேன், அப்புறம் ஏகாதசிக்கு அரிசி பருப்பு விட்டேன், போன வருஷத்துலருந்து மீனும் விட்டுட்டேன் (தூத்துக்குடிக்காரங்களுக்கு இதோட வெயிட் புரியும்). ஒரு ஹரே கிருஷ்ணா பஜனை குரூப்புக்கும் போய், ஜபமாலைய உருட்டி தினமும் ரெண்டு சுத்து (அங்க ரெண்டு மாலைன்னு சொல்லுவாங்க) நாம ஜபம் பண்றேன்.

ஞாயித்துக்கிழமை பூசைய விடல, இயேசுவ விட்டுட்டு வர்ற எண்ணமும் சத்தியமா இல்ல. ஆனா அந்த குரூப்ல ஒருத்தர் ரூம்ல இருக்குற சிலுவைய எப்ப எடுப்பீங்கன்னு கேட்டுட்டாரு. ஊர்ல அம்மா "நீ மாறிட்ட"ன்னு போன்ல அழுறாங்க. நான் ரெண்டு பக்கமும் பொய் சொல்றேனா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சீலா பிரியன்:

சீலா குழம்ப விட்டவங்களுக்கு மோட்சம் எந்த மதத்துலயும் கன்ஃபார்ம் சகோ 😂

கிழக்குச்சித்திரைவீதி:

அம்மா, நான் ஸ்ரீரங்கம், வயசு அறுபத்தி மூணு. உங்களுக்கு இனிக்கிற மாதிரி சொல்லி அனுப்பிடலாம், ஆனா உள்ளது உள்ளபடி சொல்றேன். எல்லா சாமியும் ஒண்ணுன்னு எங்க பெரியவா யாரும் சொல்லலை. திருமழிசையாழ்வார் "மறந்தும் புறந்தொழா மாந்தர்"னே பாடியிருக்கார், அதாவது மறந்துகூட வேற தெய்வத்தைத் தொழாதவா. சிவன் கோயிலுக்கே போகாத பெரியவா எங்க தெருவுல இருந்தா. அதனால வேற தெய்வம் கூடாதுங்கற உங்க பைபிளோட முதல் கட்டளையும் எங்க ஆழ்வாரும் கேக்கறது ஒரே சங்கதிதான், இதுல உங்க சர்ச் மட்டும் கறார்னு நினைச்சுக்காதீங்கோ.

எல்லைக்கோடு எங்கன்னு கேட்டா, பஞ்ச சம்ஸ்காரம். ஆசார்யன்கிட்ட போய் தோள்ல சங்கு சக்கரம் ஒத்திண்டு, திருமண், தாஸ்ய நாமம், மந்த்ரோபதேசம்னு வாங்கிக்கறது. அது ஒரு அடிமைச் சாசனம் மாதிரி, அதுக்கப்புறம் ரெண்டு எஜமானன் கிடையாது. அதுக்கு இந்தப் பக்கம் இருக்கற வரைக்கும் திருப்பாவை சொல்றதுக்கோ ஏகாதசி இருக்கறதுக்கோ கோள் சொல்லாம இருக்கறதுக்கோ யார்கிட்டயும் பர்மிஷன் வேண்டாம்.

இன்னொண்ணு. எங்க கோயில்லயே துலுக்க நாச்சியார் இருக்கா. பெருமாள் மேல ஆசைப்பட்டு டெல்லிலேர்ந்து வந்த சுல்தான் பொண்ணுன்னு ஐதீகம், விக்ரகம் கிடையாது, சித்திரமாத்தான் சேவை. அவளுக்காக நம்பெருமாளே ரொட்டி அமுது செய்யறார். பொண்ணு இங்க வந்தப்புறம் ரொட்டிய விட்டுட்டு புளியோதரை சாப்பிடக் கத்துக்கோன்னு பெருமாள் சொல்லலை பாருங்கோ. சிலுவைய எடுக்கச் சொன்னவர்கிட்ட இதைச் சொல்லுங்கோ.

நல்லமேய்ப்பன்:

சகோதரி, பைபிள்ல யாத்திராகமம் 20 எடுத்துப் படிங்க. என்னையன்றி வேறு தெய்வம் வேண்டாம்னு தெளிவா இருக்கு. ஒரு கால் அங்க ஒரு கால் இங்க வைக்க முடியாது. உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

மாலைக்கணக்கு:

நான் பதினோரு வருஷமா ஜபம் பண்றவன், பிறப்பால இந்துதான், அதனால உங்க சிக்கல் எனக்கு வரல, ஆனா எங்க பக்கத்துல இதப் பத்தி என்ன சொல்லியிருக்குன்னு சொல்லலாம். எங்க மரபோட மூல குரு சைதன்யர் எழுதுனதா இருக்குற எட்டு ஸ்லோகத்துல ரெண்டாவதே பகவானுக்கு பல நாமம், எல்லாத்துலயும் தன் சக்திய வச்சிருக்கார், கூப்பிடுறதுக்கு நேரம் காலம்னு விதியும் இல்லன்னுதான் போகுது. 1974ல ஜெர்மனில, இஸ்கான் ஆரம்பிச்ச பிரபுபாதர் ஒரு பெனடிக்டைன் சபை கத்தோலிக்கத் துறவியோட பேசினப்ப, நீங்க கிறிஸ்துவோட பேரையே சொல்லுங்கன்னுதான் சொன்னாரு. (அதே பேச்சுல கிறிஸ்துங்கிற சொல்லும் கிருஷ்ணாங்கிற சொல்லும் ஒண்ணுன்னு ஒரு விளக்கம் வரும், அதத்தான் பஜனை குரூப்ல அடிக்கடி ஃபார்வர்ட் பண்ணுவாங்க, நம்பாதீங்க. கிறிஸ்து கிரேக்கம், அபிஷேகம் செய்யப்பட்டவர்னு அர்த்தம், கிருஷ்ணா சமஸ்கிருதம், கருப்பு. பக்திக்கு தப்பான டிக்ஷ்னரி தேவையில்ல.)

ஆனா தீட்சைன்னு வந்தா கதை வேற. தினம் பதினாறு மாலை, மாலைக்கு 108 மணி, மணிக்கு பதினாறு நாமம், ஆக 27,648 தடவை, வேகமா பண்ணுனாலே ரெண்டு மணி நேரம் ஆகும், கூடவே மாமிசம், போதை, சூதாட்டம், முறைதவறிய உறவு நாலும் கூடாது, டீ காபியும் போதைலதான் வரும். அந்த வாக்கு குருவுக்குக் கொடுக்குறது, அதக் குடுக்கும்போதுதான் உங்க கேள்விக்கு நீங்களே பதில் சொல்லியாகணும். ரெண்டு மாலை பண்றவங்கள யாரும் நெருக்கக் கூடாது. நெருக்குனா குரூப்ப மாத்துங்க.

பாளை வாத்தியார்:

தமிழ் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவன். எங்க நெல்லை ஜில்லால இது எதிர்த்திசைல நடந்திருக்கு தாயி. எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை, 1827ல பொறந்தவர், வைணவ வேளாளர் குடும்பம், முப்பது வயசுக்கு மேல 1858ல ஞானஸ்நானம் வாங்குனாரு. வாங்குனாரே தவிர ஆழ்வார் பாட்டும் கம்பனும் நாக்குல இருந்து போகல, அவரு எழுதுன கிறிஸ்தவ காப்பியம் இரட்சணிய யாத்திரிகத்தப் பாத்தா ராமனப் பாடுன நாக்கு இயேசுவப் பாடுனா எப்படி இருக்கும்னு தெரியும். சாமி மாறிச்சு, உருகுற விதம் மாறல. உங்களுக்கு சாமி மாறல, உருகுற விதம் மாறுது, அவ்வளவுதான். அதுக்குப் பேரு பொய்யா?

காயல் காத்து:

நான் முஸ்லிம், இதுல நுழையலாமான்னு தெரியல. ஹைகோர்ட் தலைமை நீதிபதியா இருந்த மு.மு.இஸ்மாயில் சாஹிப் கம்பராமாயணத்துல மூழ்கிக் கிடந்தவர், கம்பன் கழகம் நடத்துனவர், கடைசி வரைக்கும் முஸ்லிமாத்தான் இருந்தார். ஆனா படிச்சு ரசிக்கிறது வேற, கும்புடுறது வேற, அதையும் சொல்லணும். நீங்க ஜபம் பண்றப்ப மனசுல யாரக் கூப்பிடுறீங்க? அதுக்கு பதில் உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்.

திண்டுக்கல் செபாஸ்டின்:

ரெண்டு வருஷம் சாமியாருக்குப் படிக்கிற செமினரில இருந்துட்டு வெளிய வந்தவன். நல்லமேய்ப்பன் சொன்னது தப்புன்னு சொல்ல மாட்டேன், பாதிதான் சொல்லியிருக்கார். உலக ஆயர்கள் கூடுன இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965லயே மத்த மதங்கள்ல உண்மையும் புனிதமுமா இருக்குற எதையும் திருச்சபை ஒதுக்குறதில்லன்னு எழுதி வச்சிருச்சு. குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளில சாந்திவனம்னு ஒரு ஆசிரமம், 1950ல ரெண்டு பிரெஞ்சு சாமியார்கள் ஆரம்பிச்சது, காவி, சைவச் சாப்பாடு, ஆரத்தி எல்லாம் இருக்கும், பூசையும் நடக்கும். ஒருதரம் போயிட்டு வாங்க.

கோள் சொல்லாம இருக்குறது, மீன் சாப்பிடாம இருக்குறது, உபவாசம், இதுக்கெல்லாம் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) பண்ண வேண்டியதில்ல, வேளாங்கண்ணிக்கு மாலை போட்டு நடக்குற நம்மாளுங்க பண்றதுதான். இடிக்கிற இடம் பிரசாதம். விக்கிரகத்துக்குப் படைச்சதச் சாப்பிடலாமான்னு அந்தக் காலத்து கொரிந்து நகர சபைல பெரிய சண்டை, பவுல் அவங்களுக்கு எழுதுன முதல் கடிதம் 8வது அதிகாரத்துல என்ன சொல்றாருன்னா சாப்பாடு நம்மள கடவுள்கிட்ட சேர்க்கவும் செய்யாது பிரிக்கவும் செய்யாது, ஆனா நான் சாப்பிடுறதப் பாத்து என் சகோதரன் இடறுவான்னா நான் இனி மாமிசமே தொட மாட்டேன்னு. 10வது அதிகாரத்துல இன்னும் கறாரா பேசுவாரு, ரெண்டையும் படிங்க. உங்க விஷயத்துல இடறுறது அம்மாதான். அவங்கள விட்டுட்டு தேவசாஸ்திரம் பேசிப் புண்ணியமில்ல. ஊருக்குப் போறப்ப ஜபமாலை வைக்கிற பைய மறைக்காதீங்க, எடுத்துக் காட்டி இது என்னன்னு சொல்லுங்க. மறைக்கிறதுனாலதான் மாறிட்டான்னு அழுறாங்க.

முத்துநகர்காரி:

அப்பா, இத்தனை பதிலா! எல்லாருக்கும் நன்றி, ஸ்ரீரங்கம் ஐயா ரொட்டி விஷயம் படிச்சு ஆபீஸ்லயே கண்ணு கலங்கிருச்சு. காயல் காத்து அண்ணன் கேட்டதுக்கு நேர்மையா சொன்னா, திருப்பாவை சொல்றப்ப எனக்கு இயேசுவும் தெரியல கண்ணனும் தெரியல, விடிகாலைல ஒரு பொண்ணு மத்த பொண்ணுங்களக் கதவத் தட்டி எழுப்புறா, அது மட்டுந்தான் தெரியுது. எங்களுக்கும் அப்ப கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வர்ற திருவருகைக் காலம், விழிச்சிருங்கன்னுதான் கோயில்லயும் சொல்லுவாங்க. ஆனா மாலை ஜபத்துல அப்படி இல்ல, அங்க பேரச் சொல்லித்தான் கூப்பிடுறேன், அது உறுத்துறது உண்மை. கொஞ்ச நாளைக்கு அத நிறுத்திட்டு நம்ம ஜெபமாலையே சொல்லிப் பாக்கப் போறேன். அந்த குரூப்லருந்து நேத்தே வெளிய வந்துட்டேன்.

செபாஸ்டின் அண்ணன் சொன்ன மாதிரி அம்மாகிட்ட எல்லாத்தையும் போன்லயே சொல்லிட்டேன். அரை மணி நேரம் திட்டுனாங்க. அப்புறம் "கோள் சொல்ல மாட்டியாக்கும், அப்ப உங்க சித்தி வீட்டுக் கதைய நான் யாருகிட்ட சொல்றது"ன்னு கேட்டாங்க.

கிழக்குச்சித்திரைவீதி:

சந்தோஷம் அம்மா. ஒரு சந்தேகம் மட்டும். 2020ல வைகுண்ட ஏகாதசி டிசம்பர் 25 அன்னிக்கே வந்தது. மறுபடி அப்படி வந்தா என்ன பண்ணுவேள்?

முத்துநகர்காரி:

ஐயா, கிறிஸ்துமஸ் அன்னிக்கு பட்டினி கிடந்தா எங்கம்மா என்னை உயிரோட விட மாட்டாங்க. அன்னிக்கு விரதம் முடிக்கிற மறுநாள் துவாதசின்னு நெனச்சுக்கிட்டு கேக் வெட்டிருவேன்.