சிங்கப்பூர் - நியூயார்க் நேர் பிளைட்: ஆறே முக்கால் மணி நேரம்தானா?

ஈசூன்வாசி:
ஜூலையில் அம்மா தனியாக நியூயார்க் போகிறார், அக்கா வீட்டுக்கு. டிக்கெட்டில் புறப்பாடு 12ஆம் தேதி நள்ளிரவு 12.05, இறங்குவது அதே 12ஆம் தேதி காலை 6.45 என்று போட்டிருக்கிறது. அம்மா சென்னை பஸ்ஸில் போவதுபோல் ஒரு தூக்கம் போட்டால் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் திரும்பும்போது இரவு 10.30க்கு ஏறினால் மறுநாள் இல்லை, அதற்கும் அடுத்த நாள் காலை 5.10க்குத்தான் சாங்கி விமான நிலையம். அப்படி என்ன சுற்றிக்கொண்டு வருகிறார்கள்?

பூகோளப்பைத்தியம்:
இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட பதினெட்டே முக்கால் மணி நேரம்தான். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கோடையில் நியூயார்க் சரியாக 12 மணி நேரம் பின்னால் இருக்கிறது, அதனால் போகும்போது அரை நாள் கையில் கிடைக்கிறது, வரும்போது அதைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். முள் வைத்த கடிகாரம் என்றால் அம்மா திருப்பவே வேண்டாம்! (குளிர்காலத்தில் 13 மணி நேரம், அப்போது இந்த வசதி கிடையாது.)

தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், வட துருவத்தை ஒட்டிப் போகும், ஏனென்றால் சிங்கப்பூர் கிழக்கே 104 பாகை, நியூயார்க் மேற்கே 74 பாகை, ஏறக்குறைய நேர் எதிர்ப்பக்கம். ஆனால் விமானிகள் நூலைப் பார்ப்பதில்லை, காற்றைப் பார்க்கிறார்கள். மேலே மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் சில நாள் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். அதை முதுகில் வாங்கிக்கொள்ள பசிபிக் பக்கமாகச் சுற்றிப் போவார்கள், கிலோமீட்டர் கூடும், நேரம் குறையும். திரும்பும்போது சில நாள் அட்லாண்டிக் வழி. அப்படி வந்தால் அம்மா உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டார் என்று அர்த்தம்.

கால்வலிக்காரன்:
நியூயார்க்கை ஒட்டிய நெவார்க் விமான நிலையத்துக்குப் போகும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பிளைட்டில் இருமுறை போயிருக்கிறேன். அது 2018 அக்டோபரில் தொடங்கியது, ஏ350-900 யூஎல்ஆர் விமானம் (மிக நீண்ட தூரம் பறக்கும் ஏர்பஸ் ரகம்), மொத்தமே 161 இருக்கைதான், எக்கனாமி வகுப்பே கிடையாது. இதற்கு முன்னால் 2004 முதல் 2013 வரை நான்கு என்ஜின் ஏ340-500 ஓட்டினார்கள், எரிபொருள் செலவு கட்டுப்படியாகவில்லை, விட்டுவிட்டார்கள்.

தூரத்தை விடுங்கள், அம்மா மாத்திரை சாப்பிடுகிறவரா? காலை மாத்திரை அங்கே இரவாகிவிடும், டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். மருந்து கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போடாதீர்கள். நடைபாதை ஓர இருக்கை எடுத்துக்கொடுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும். முதல் தடவை நான் ஜன்னல் ஓரத்தில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்து, இறங்கியபோது ஷூ காலில் நுழையவில்லை.

ஈசூன்வாசி:
நன்றி அண்ணே, சர்க்கரை மாத்திரை உண்டு, நாளைக்கே கிளினிக் போகிறோம். பதினெட்டே முக்கால் மணி நேரம் என்று சொன்னதும் பயப்படுவார் என்று நினைத்தேன். "அப்படியா, புளியோதரை இரண்டு வேளைக்குக் கட்டணும்" என்கிறார்.

கால்வலிக்காரன்:
மிச்சம் வைக்காமல் விமானத்திலேயே முடித்துவிடச் சொல்லுங்கள். உணவுப் பொருள் கையில் இருந்தால் அங்கே சுங்கத்தில் சொல்லியாக வேண்டும்.