நுண்துளை அக்ரிலிக் இழை: நம்ம ஊர் ஈரத்தில் இழுத்தவர்கள் சொல்லுங்க

துவாஸ் டவர்:
சிங்கப்பூரில் இந்த இழையை, அதாவது நீளவாக்கில் நுண்துளைகள் ஓடும் ஒளியிழையை, இழுக்கிறவர்கள் டவரைவிட (உலையில் இளக்கி இழுக்கும் இயந்திரம்) முதலில் பார்க்க வேண்டியது கம்பி வைத்திருக்கும் அலமாரியை. தடித்த அக்ரிலிக் கம்பியில் துளையிட்டு, முதலில் மெல்லிய கம்பியாகவும் (கேன்), இரண்டாம் கட்டத்தில் இழையாகவும் இழுக்கிறோம். பிஎம்எம்ஏ, அதாவது அக்ரிலிக், தன் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடு வரை தண்ணீர் குடிக்கும். விடியற்காலையில் இங்கே ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடும். இரவில் ஏர்கானை நிறுத்திவிடும் கட்டடமாக இருந்தால் துளையிட்ட கம்பியை மேசையில் விட்டுப் போகவே கூடாது. துளைகளுக்கு நடுவே இருக்கும் சுவர் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான்; ஈரம் முதலில் ஏறுவது அங்கே. உலையில் அதுவே ஆவியாகி மையத்தை ஒட்டி வெள்ளைக் குமிழியாக நிற்கும். கேமரா வைத்திருப்பவர்கள் வாங்கும் டிரை கேபினெட் இதற்குப் போதும்.

உலர்த்தும் நேரம் தடிமனின் வர்க்கத்தோடு கூடும். 70 மி.மீ. கம்பியின் நடுப்பகுதி ஒரு வாரத்தில் காயாது. அதனால் 10 மி.மீ. கேனாக இழுத்த பிறகு, 80 முதல் 90 டிகிரியில் ஒரு வாரம் ஓவனில் வைப்பதுதான் உண்மையில் பலன் தருகிறது. துளையிடும் முன் ஓவனில் வைப்பது உள் அழுத்தம் தளர்வதற்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஜூரோங் மில்லிங்:
அண்ணே சொன்ன அந்த உள் அழுத்தம் துளையிடும்போதே வேலையைக் காட்டும். வார்ப்பு அக்ரிலிக் மட்டும் வாங்குங்க. எக்ஸ்ட்ரூட் செய்தது (பிதுக்கி எடுத்தது) துளையிடும் பிட்டில் உருகி ஒட்டும். 1.5 மி.மீ. பிட், துளை மையங்களுக்கு நடுவே 4 மி.மீ. இடைவெளி, மூன்று வளையம், 36 துளை. விட்டத்தை இடைவெளியால் வகுத்தால் 0.4-க்குள் நிற்கும், சிங்கிள் மோடுக்கு (ஒளி ஒரே வடிவில் போவதற்கு) அது வேண்டும். ஒவ்வொரு முறையும் 1 மி.மீ. இறக்கி, முழுதாக வெளியே எடுத்து, சீவலைக் கழுவிவிட்டு மறுபடி இறக்கணும். சீவல் உள்ளே தேங்கினால் சூடேறி சுவர் கீறும், அந்தக் கீறல் கடைசி இழையில் ஒளிச்சிதறலாகவே வரும். துடைக்க ஆல்கஹால் கூடாது: அழுத்தமுள்ள அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல் பரவிவிடும். மெல்லிய சோப்புத் தண்ணீரில் அல்ட்ராசோனிக் கழுவல், பிறகு டிஅயனைஸ்டு (உப்பு நீக்கிய) தண்ணீர்.

இழை பிடித்தவன்:
கேனில் துளை ஒழுங்காக இருக்கிறது, இழையில் மட்டும் மூடிக்கொள்கிறது. டவர் அண்ணே, ஏன்?

துவாஸ் டவர்:
தம்பி, பரப்பு இழுவிசையால் துளையின் ஆரம் சுருங்கும் வேகம் பெரிய துளைக்கும் சின்னதுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். 1.5 மி.மீ. துளைக்கு அது கண்ணில் படாது, கேனில் 0.2 மி.மீ. ஆனபிறகு அதே சுருக்கம் துளையையே தின்றுவிடும். ஆகவே இரண்டாம் கட்டத்தில் உலையை 5 டிகிரி குறைத்து டென்ஷனை (இழையை இழுக்கும் விசையை) ஏற்றிப் பாருங்க. ரொம்பக் குறைத்தால் இழை அறுந்துபோகும், ஐந்து ஐந்தாகவே இறங்கணும். வெப்பத்தை மாற்றினாலும் விட்டம் மாறாது, அது கணக்கில் கட்டுப்பட்டது: 10 மி.மீ. கேனை 0.25 ஆக்கினால் குறுக்குவெட்டுப் பரப்பு 1600 மடங்கு குறைகிறது, நிமிடத்துக்கு 5 மி.மீ. இறக்கினால் 8 மீட்டர் சுற்றணும். விட்டம் சரியாக இருக்கிறதே என்று துளையை நம்பக் கூடாது; அடிக்கடி வெட்டிப் பார்க்கணும். கேனின் மேல்முனையை உருக்கி அடைத்துவிட்டால் உள்ளே சிக்கிய காற்றே துளையைத் தாங்கும். டென்ஷனை அதிகமாக ஏற்றிய இழை பிறகு சூடுபட்டால் நீளத்தில் சுருங்கும் என்பதையும் மனசில் வைங்க.

ஜூரோங் மில்லிங்:
வெட்டுவது பற்றி ஒரு வார்த்தை. குளிர்ந்த பிளேடு துளைச் சுவரை உடைக்கும். பிளேடு 70 முதல் 80 டிகிரி, ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடின் புது இடம்.

இழை பிடித்தவன்:
நன்றி அண்ணே. 1550 நானோமீட்டர் லேசரில் ஒன்றுமே வரவில்லையே?

துவாஸ் டவர்:
வராது. கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு அங்கே ஒளியை உறிஞ்சிவிடும். பிஎம்எம்ஏவை 650-ல் சிவப்பு லேசரால் சோதிங்க. சென்சாருக்கு என்றால், ஈரத்தோடு அளவீட்டு அலைநீளம் நகரும் பிஎம்எம்ஏவை விட்டு டோபாஸ் அல்லது ஸியோனெக்ஸ் என்ற பிளாஸ்டிக் பக்கம் போங்க. அவை தண்ணீரை ஏறக்குறைய தொடுவதே இல்லை.