வெறுத்துப்போய் வெளிநாடு கிளம்பினவங்க, உங்க கதையைச் சொல்லுங்க

முடிச்சூர்க்காரன்:
2015 டிசம்பர்ல வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி நின்னப்பகூட எனக்குக் கிளம்பணும்னு தோணலை. எதிர்வீட்டு மொட்டை மாடியில தெருவே சேர்ந்து உப்புமா கிண்டிச் சாப்பிட்டோம். கடுப்பானது 2023ல, மிக்ஜாம் புயல் அடிச்சப்ப. எட்டு வருஷம் கழிச்சும் அதே தெரு, அதே தண்ணி. யாரைக் கேட்டாலும் "இந்த வருஷம் மழை ஜாஸ்தி சார்." அன்னைக்கு ராத்திரியே கனடா எக்ஸ்பிரஸ் என்ட்ரி பத்தி, அதான் பாயின்ட் பார்த்து நிரந்தரமா குடியேற விடுற திட்டம், படிக்க ஆரம்பிச்சேன்.

இந்த கவர்மென்ட் ஆபீஸ் சகவாசமே வேணாம்னு ஓடுறவன், ஓடுறதுக்கு முன்னாடி எல்லா ஆபீஸ் படியும் ஏறி இறங்கணும். நம்ம டிகிரி கனடாவுல எதுக்குச் சமம்னு பார்க்கிற படிப்பு மதிப்பீட்டுக்கு, டிரான்ஸ்கிரிப்டை, அதாவது மார்க் விவரத்தை, பல்கலைக்கழகமேதான் அனுப்பணும், நாம அனுப்பினா செல்லாது. அங்க ஜன்னல்ல இருந்தவர் டிபன் பாக்ஸை மூடிக்கிட்டே, "செக்‌ஷன்ல ஆள் லீவு, திங்கக்கிழமை வாங்க"ன்னார். எந்தத் திங்கள்னு சொல்லலை. பிசிசி, அதான் நம்ம மேல கேஸ் இல்லைங்கிற போலீஸ் சான்றிதழ், அதோட விசாரணைக்கு வந்த காவலர், "கனடாவா? அப்ப டாலர்ல சம்பளம்"னு சிரிச்சார். அந்தச் சிரிப்புக்கு நான் விளக்கம் எழுதத் தேவையில்லை.

உண்மையைச் சொல்லணும்னா, கோபம் வெள்ளத்தோடயே வடிஞ்சிருச்சு. விடாம துரத்தினது பாயின்ட் கணக்கு. தனியாளா போட்டா 20லேர்ந்து 29 வயசு வரைக்கும் வயசுக்கு 110 பாயின்ட். 30 ஆனா 105, 31ல 99, இப்படியே தேய்ஞ்சு 45ல சைபர். பிறந்தநாளைக்கு அம்மா பாயசத்தை நீட்டுறாங்க, எனக்கு டம்ளர்ல 99தான் தெரியுது.

இப்ப கனடாவுல பிராம்ப்டன்ல இருக்கேன். ரோட்டுல தண்ணி நிக்கிறதில்லை, வாஸ்தவம். ஆனா குடும்ப டாக்டர் இன்னும் அமையலை. காய்ச்சல்னு எமர்ஜென்சிக்குப் போய் விடிய விடிய நாற்காலியில உக்காந்திருந்தேன். தாம்பரத்துல டோக்கன் போட்டுட்டு, எதிர்க்கடையில ஒரு டீ குடிச்சு வர்றதுக்குள்ள பேரைக் கூப்பிட்டுடுவாங்க.

நங்கநல்லூர் அம்மா:
தம்பி, என் பையன் கிளம்பியது தண்ணீரால்தான். 2019 கோடை. நடுராத்திரி மெட்ரோ லாரி வரும், குடத்தோடு ஓடுவோம். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அதை டிவியில் பார்த்துக்கொண்டே, "ரயிலில் தண்ணீர் வரும் ஊரில் என்னால் குடும்பம் நடத்த முடியாதும்மா" என்றான். நானும் தடுக்கவில்லை.

அவனும் கனடாதான். எங்களுக்கு சூப்பர் விசா எடுத்தான், அங்கே இருக்கும் பிள்ளைகள் பெற்றோரை அழைத்துக்கொள்ளும் விசா. ஒரு தடவை போனால் ஐந்து வருஷம் வரை தங்கலாம். அதற்கு ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு கட்டியாக வேண்டும். பாவம், அவனேதான் கட்டினான். பகலெல்லாம் அவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். நாங்கள் இருவரும் ஹீட்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இவருக்குப் பேச ஆளில்லாமல் பைத்தியம் பிடிக்காத குறை. சீக்கிரமே திரும்பிவிட்டோம்.

இப்போது குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. அதைச் சொன்னால் அவன் பேச்சை மாற்றிவிடுகிறான். வீட்டுக் கடன், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று அங்கே ஆயிரம் இருக்கிறது. நானும் சொல்வதை விட்டுவிட்டேன்.

வேளச்சேரி 32:
அண்ணா, எனக்கு ஊர் மேல கோபமெல்லாம் ஒண்ணும் இல்லை. செட்ல எல்லாரும் போயிட்டானுங்க, ஞாயித்துக்கிழமை கிரிக்கெட்டுக்கு ஆள் சேரலை, அவ்ளோதான். ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சையில ஜெனரல் எழுதணுமா அகாடமிக்கான்னு மட்டும் சொல்லுங்க. மார்ச் வந்தா 33.

முடிச்சூர்க்காரன்:
ஜெனரல்தான் தம்பி. டிரான்ஸ்கிரிப்டுக்கு இன்னைக்கே எழுதிப் போட்டுடு.