டோரேமான் படங்கள எந்த வரிசையில காட்டணும்? மோன் கரச்சல நிறுத்த மாட்டேங்கான்

தூத்தூர் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எனக்க மோனுக்கு 6 வயசு. டிவியில டோரேமான் கார்ட்டூன் வந்தா சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு, அதனால லீவுக்கு சினிமாவும் காட்டலாம்னு மொதல்ல கண்ணுல பட்ட ஸ்டாண்ட் பை மீ டோரேமான போட்டேன். கடைசியில அந்த ரோபோ பூனை டோரேமான் எதிர்காலத்துக்கு திரும்பி போயிருது, அது கூடயே இருந்த பையன் நோபிடா காலையில எழும்பி பாத்தா ரூம்ல யாருமே இல்ல. இவன் விக்கி விக்கி கரஞ்சதுல எனக்கு பேடியாகி படத்த ஆஃப் பண்ணிட்டேன். 3 நாளாச்சு, இப்பவும் என் தையல் மிஷின் டிராயர இழுத்து இழுத்து பாக்கான், நோபிடா மேசை டிராயருக்குள்ளதான டைம் மிஷின் இருக்கும், அதுக்கு. உள்ள நூல்கண்டும் பாபினும்தான் கெடக்கு. அவங்க அப்பா தங்கல் தொழிலுக்கு, அதான் கடல்லயே நாள் கணக்கா தங்கி மீன் புடிக்க, போயி ஒரு மாசத்துக்கு மேல ஆவுது, அப்பாவும் இப்படி போயிருவாரான்னு கேக்கான், எனக்கு என்ன சொல்லன்னே தெரியல.

இன்னொரு சந்தேகம், நோபிடாவும் டைனோசரும்னு ஒரே கதையா 2 படம் கெடக்கு, ஒண்ணு பழைய மாதிரி வரஞ்சது. பிறவு புது டைனோசர்னு இன்னொண்ணு. எத மொதல்ல காட்டணும்?

குழித்துறை மாமா:
தங்கச்சி, நீங்க ஆஃப் பண்ண இடத்துல படம் முடியல! டோரேமான் திரும்பி வரும். அது போகும்போது நோபிடாவுக்கு ஒரு பெட்டி குடுத்துட்டு போவும்லா, அதுக்குள்ள ஒரு மருந்து இருக்கு, அத குடிச்சிட்டு என்ன சொன்னாலும் அதுக்கு நேர் எதிராத்தான் நடக்கும். ஏப்ரல் 1 அன்னைக்கு டோரேமான் வந்துட்டுன்னு, எப்பவும் வம்பிழுக்குற அந்த தடியன் ஜியான் பொய் சொல்லி நோபிடாவ ஏமாத்துவான், அந்த சங்கடத்துலதான் இவன் பெட்டிய திறப்பான். கடைசியில வீட்டுக்கு வந்து, டோரேமான் இனிமே வரவே வராதுன்னு மனசு ஒடிஞ்சி சொல்லுவான், உடனே டோரேமான் வந்து நிக்கும். புள்ளைய மடியில வச்சி மிச்சத்த இன்னைக்கே போடுங்க, தள்ளிப் போடாதீங்க. காமிக்ஸ்லயும் இப்படித்தான், 1974 மார்ச் மாச இதழ்ல டோரேமான் போயிரும், ஏப்ரல் இதழ்ல திரும்பி வந்துரும். ஜப்பான் புள்ளைங்க ஒரு மாசம் காத்துக் கெடந்திருக்கு.

நாகர்கோவில் அக்கா:
மாமா சொன்னதுதான் சரி. டைனோசர் விஷயம் நான் சொல்லுதேன். பழசு 1980ல வந்தது, டோரேமானுக்க மொத முழுநீள சினிமாவே அதுதான். அதே கதைய புதுசா வரஞ்சி 2006ல திரும்ப எடுத்தாங்க, அதனால ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கு. உங்க மோனுக்கு 2006 போதும். 2020ல வந்த புது டைனோசர் வேற கதை, அதுல கியூ, மியூன்னு ரெண்டு குட்டி. ஆனா இந்த மூணும் இப்ப வேண்டாம் மக்களே. முட்டையிலேருந்து பொரிச்சி வளத்த குட்டிய பழைய காலத்துலயே விட்டுட்டு வருவாங்க, அங்கயும் பிரிவுதான். எனக்க மவ அந்த டைனோசர் குட்டி பீசுகேக்கு டாட்டா காட்டிட்டு ராத்திரி பூரா தூங்கல.

வரிசைன்னு ஒண்ணும் கெடையாது, வருஷா வருஷம் வர்ற படம் ஒவ்வொண்ணும் தனித்தனி கதை. ஸ்டாண்ட் பை மீ மட்டும் 2014ல வந்தத பாத்துட்டு பிறவு 2020ல வந்த ரெண்டாம் பாகத்த பாக்கணும், அதுல நோபிடா கல்யாணமும் அவன் பாட்டியும் வரும்.

என்னைய கேட்டா அடுத்து 2018ல வந்த புதையல் தீவு படத்த காட்டுங்க. நிறைய கடல், பெரிய கப்பல். அதுல கேப்டனுக்க பொண்டாட்டி செத்துப் போயிருக்கும், அந்த வருத்தத்துல ஒரே வேலை வேலைன்னு பெத்த புள்ளைங்க ரெண்டையும் மறந்துருவாரு, கடைசியில அப்பாவும் புள்ளைங்களும் ஒண்ணு சேருவாங்க. நோபிடாவுக்க கூட்டுக்காரி ஷிசுகாவ தூக்கிட்டு போற இடத்துல மட்டும் பக்கத்துல இருங்க.

தூத்தூர் அம்மா:
மாமா, அக்கா, ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி மிச்சத்த போட்டேன். டோரேமான் வந்து நின்னதும் கட்டில்ல எழும்பி நின்னு சத்தம் போட்டான். இன்னைக்கு காலையில பாத்தா ஒரு டம்ளர் தண்ணிய மடக்கு மடக்குன்னு குடிச்சிட்டு அடுக்களையில வந்து நிக்கான், அப்பா வரவே மாட்டாருங்கான். அம்மாச்சிக்கு வந்துச்சே கோவம், கடலுக்கு போனவங்கள அப்படி சொல்லாதலன்னு கைய ஓங்கிட்டு வந்துட்டாவ. நான் நடுவுல நின்னு மருந்து கதைய மொதல்லேருந்து சொன்னேன். அம்மாச்சி கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, பிறவு அவனுக்க டம்ளர வாங்கி தண்ணி ஊத்தி குடிச்சிட்டு, உங்க அப்பனுக்கு இந்த தடவ மீனே கெடைக்காதுலேன்னு சொன்னாவ.

புதையல் தீவு ஞாயிறுக்கு.