பழைய பள்ளிவாசல் மராமத்து: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

கீழக்கரை மருமகன்
கல்யாணமான புதிதில் மச்சான் பெரிய ஜும்ஆ பள்ளிக்குக் கூட்டிப்போனார். 17ஆம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதி கட்டியது. அவருடைய அடக்கத்தலமும் அங்கேதான். உள்ளே முழுக்கக் கல்தூண், தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை, உத்தரம், கல் பாவிய கூரை. நம் கோயில் மண்டபங்களின் கட்டுமானம்தான். ஆனால் யாளி இல்லை, பாவை இல்லை. பூவும் கொடியும் கோலமும் மட்டும். இராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் அரண்மனையைக் கட்டிய கைகளே இதையும் செதுக்கின என்று ஊரில் சொல்வார்கள். சேதுபதிக்கும் வள்ளலுக்கும் இருந்த நெருக்கத்தைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

சுண்ணாம்புக்காரன்
நான் கட்டட வேலை பார்ப்பவன். கடற்கரையோரம் ஒரு சின்னப் பள்ளி, பெயர் வேண்டாம். பவளக்கல் சுவர், சுண்ணாம்புக் காரை. அடியில் உப்புப் பூத்ததும் நிர்வாகத்தார் சிமென்ட் பூசி, தோள் உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். பார்க்கப் பளபளப்புதான். மழைக்காலம் வந்ததும் டைல்ஸுக்கு மேலே காரை பொரிந்து கொட்டியது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. போக வழியில்லாத ஈரம் உப்பையும் இழுத்துக்கொண்டு மேலே ஏறும். காயும் இடத்தில் உப்பு படிகமாகிக் காரையைத் தள்ளும்.

எல்லாவற்றையும் கொத்தி எடுத்தோம். சுண்ணாம்பை நீற்றிப் புளிக்கவிட்டு, மணலோடு கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்துப் பூசினோம். ஆள்கூலி கூடத்தான், மறுக்கவில்லை. பெரிய சிக்கல் கல்லுக்குத்தான். பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, மன்னார் வளைகுடாவில் ஒரு துண்டுகூட எடுக்க முடியாது. அது சரியான சட்டம்தான். இடிந்து கிடந்த மதில் கற்களைக் கழுவி உப்பு நீக்கி அதையே வைத்தோம். ஆக, பழைய சுவரை இடிப்பவர்கள் கல்லையாவது தூக்கிப் போடாதீர்கள்.

பெரியபட்டினத்தான்
எல்லாம் சரி காக்கா, வெள்ளிக்கிழமை வெயிலில் நின்று தொழுகிறவர்களை என்ன செய்வது? ஜமாஅத் பெருகிவிட்டது, இடம் வேண்டாமா?

சுண்ணாம்புக்காரன்
வேண்டும் தம்பி. பழைய கூடத்தைத் தொடாமல் கிழக்கே முன்பக்கம் நீட்டலாம். அஸ்திவாரத்தை மட்டும் தனியாகப் போடுங்கள். புதுச்சுவரைப் பழைய சுவரோடு கோத்துக் கட்டினால் புதியது இறங்கும்போது பழையது பிளக்கும். நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு, மேலே மழைத் தண்ணீர் இறங்காதபடி மூடச் சொல்லுங்கள்.